மீன்வளம் பேணிய பேயர்டு

நிலத்தின்மேல் நிகழும் கேடு எல்லோர் கண்ணுக்கும் புலனாகும். காடு அழிந்தால் மலை மொட்டையாய்த் தோன்றும். பயிர் கருகினால் வயல் வெளுத்துக் கிடக்கும். நீரினுள் நிகழும் கேடோ அவ்வாறு வெளிப்படுவதில்லை. ஓர் ஆற்றில் வாழ்ந்த மீனினம் முற்றும் அற்றுப்போனாலும், ஆறு முன்போலவே சலசலத்து ஓடிக்கொண்டிருக்கும். கரையில் நிற்பவன் அதன் அழகைக் கண்டு மகிழ்வானேயன்றி, அதன் அடியில் நேர்ந்த வெறுமையை உணரான். இக்காரணத்தால் நீர்வாழ் உயிர்களின் நலனை மக்கள் நெடுங்காலம் கருதாதிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கேட்டினை உணர்ந்து, அதன் காரணங்களை ஆராய்ந்து, மீன்வளம் பேணுதலை ஓர் அரசியற் கடமையாக ஆக்கியவர் ஸ்பென்சர் புல்லர்ட்டன் பேயர்டு என்னும் பேரறிஞர் ஆவார். அவர் நாட்டிற்குச் செய்த நன்மைகள் பல. நன்மையென்று எண்ணி அவர் செய்த பெரும்பிழை ஒன்றும் உண்டு. அவருடைய வரலாற்றில் நன்மைகள் போலவே பிழையும் நாம் அறியத்தக்கது.

பேயர்டு 1823ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ரெடிங் என்னும் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஒரு வழக்கறிஞர். மைந்தருக்குப் பத்து வயது ஆனபொழுது தந்தையார் காலமானார். அன்னையார் தம் மக்களை அழைத்துக்கொண்டு கார்லைல் என்னும் ஊரிற் சென்று குடியமர்ந்தார். மலைகளும் சோலைகளும் தெளிந்த ஓடைகளும் சூழ்ந்த பகுதி அது. தமையனார் வில்லியம் பறவைகளைச் சேகரிப்பதில் ஆர்வமுடையவர். அவரோடு கூடி இளைய பேயர்டும் காடுமேடெல்லாம் அலைந்து, கண்ட உயிர்களையெல்லாம் உற்றுநோக்கிக் குறித்து வரலாயினார். பதின்மூன்றாம் வயதில் டிக்கின்சன் கல்லூரியிற் சேர்ந்து, 1840ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், பட்டம் பெற்றார்.

கல்லூரிக் கல்வி முடிந்ததும் பேயர்டு நூல்களோடு அமைந்துவிடவில்லை. இயற்கையே அவருக்குப் பெருநூலாய் விளங்கிற்று. 1841ஆம் ஆண்டில் பறவைகளை ஆராயும்பொருட்டுப் பென்சில்வேனிய மலைகளின் ஊடே 21 நாட்களில் 400 மைல் தொலைவு கால்நடையாகவே சென்று வந்தார். அப்பயணத்தின் இறுதி நாளில் மட்டும் 60 மைல் நடந்தார் என்றால், அவருடைய உடலுரமும் உள்ளத்துறுதியும் எத்தகையன என்பது விளங்கும். உறவினர் விருப்பத்திற்கிணங்கி நியூயார்க்கு நகரில் சிறிது காலம் மருத்துவம் பயின்றார். ஆயினும் அதில் அவர் மனம் படியவில்லை. அக்காலத்தில் பறவை நூல்வல்லார்களுள் தலைசிறந்து விளங்கியவர் ஆடுபன் என்பவர். தாம் கண்ட ஒரு சிறு பறவையைப் பற்றிய ஐயத்தை, பதினேழு வயதினரான பேயர்டு அம்முதியவருக்கு எழுதிக் கேட்டார். வினாவின் நுட்பத்தைக் கண்ட ஆடுபன், எழுதியவர் இளைஞர் என்று இகழாது, தக்க அறிஞர்க்கு எழுதுவதுபோல் மறுமொழி விடுத்தார். அன்று தொடங்கிய நட்பு நாளும் வளர்ந்தது. 1843ஆம் ஆண்டில் பேயர்டு உடன்பிறந்தார் இருவரும், அதுவரை அறிஞர் அறியாதிருந்த ஈப்பிடிப்பான் பறவையினங்கள் இரண்டினை உலகிற்கு அறிவித்தனர். அடுத்த ஆண்டில் ஆடுபன் ஒரு புதிய சிட்டினத்திற்குப் பேயர்டின் பெயரையே சூட்டினார்.

1846ஆம் ஆண்டில் பேயர்டு தாம் பயின்ற கல்லூரியிலேயே இயற்கை நூற் பேராசிரியர் ஆனார். மாணவர்களை வகுப்பறையினுள் இருத்திப் பாடம் சொல்லுவதோடு நில்லாது, ஓடைக்கரைக்கும் மலைச்சாரலுக்கும் அழைத்துச் சென்று, செடிகொடிகளையும் உயிர்களையும் நேரிற் காட்டிக் கற்பித்தார். 1850ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் என்னும் அறிவியல் நிறுவனத்தின் துணைச்செயலாளராக அமர்த்தப்பெற்றார். அப்பொழுது அவர் தம்முடன் கொண்டுசென்ற பறவைகள், விலங்குகள், மீன்கள் முதலியவற்றின் மாதிரிகளை ஏற்றுவதற்குப் புகைவண்டிப் பெட்டிகள் இரண்டு தேவைப்பட்டன. அன்று முதல் தம் வாழ்நாள் முடிவுவரை 37 ஆண்டுகள் அவர் அந்நிறுவனத்திற்கே தொண்டாற்றினார். நாட்டின் தொலைவிடங்களுக்குச் செல்லும் படைவீரர்க்கும் நில அளவையாளர்க்கும் வேண்டிய வலைகளையும் குப்பிகளையும் அளித்து, அவர்கள் கண்டனவற்றைச் சேர்த்தனுப்புமாறு செய்தார். ஒரு மனிதரின் சேகரிப்பில் வேர்கொண்ட அருங்காட்சியகம், அவருடைய முயற்சியால் ஒரு நாட்டின் கருவூலமாயிற்று.

இங்ஙனம் பறவைகளிலும் விலங்குகளிலும் தொடங்கிய அவருடைய அறிவு, பிற்காலத்தே மீன்களின்பாற் சென்றது. அதற்கு அந்நாட்டு நீர்நிலைகள் அடைந்திருந்த நிலையே காரணம். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஆறுகளில் ஷாடு என்னும் மீன் ஒரு காலத்தில் எண்ணிறந்து வாழ்ந்தது. வங்காளத்தார் பெரிதும் விரும்பி உண்ணும் உல்லம் மீனுக்கு இஃது உறவினமாகும். ஷாடு கடலில் வளரும். இளவேனிற் காலத்தில் தான் பிறந்த ஆற்றினுள் நுழைந்து, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி, நன்னீரில் முட்டையிடும். ஒரு பெண்மீன் இடும் முட்டைகள் இலட்சத்திற்கும் மேற்படும். ஆற்றங்கரை உழவர்கள் ஆண்டுதோறும் இம்மீனைப் பிடித்து உப்பிட்டு, ஆண்டு முழுவதற்கும் சேமித்து வைப்பது வழக்கம். பேயர்டு வளர்ந்த பகுதியை அடுத்து ஓடும் சஸ்குவகன்னா ஆற்றில் 1830ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கால்வாய்களுக்கென அணைகள் கட்டப்பட்டன. கனெக்டிகட் ஆற்றின் குறுக்கே ஹோலியோக் என்னுமிடத்தில் 1849ஆம் ஆண்டில் ஓர் அணை எழுந்தது. மீன்கள் அணையின் அடிவரை வந்து, மேலேற வழியின்றி மயங்கின. இதனோடு மரமறுக்கும் ஆலைகளின் தூளும், காடழிந்த நிலங்களின் சேறும் ஆற்றடியில் படிந்தன. ஆற்றின் வாயிலில் விரிக்கப்பட்ட வலைகள், முட்டையிடச் செல்லும் மீன்களை அவை முட்டையிடுமுன்னரே வாரிக்கொண்டன. விதைநெல்லைச் சோறாக்கி உண்பவன் அடுத்த ஆண்டில் அறுவடையை எதிர்பார்க்க இயலுமோ?

கடலோரத்திலும் மீன் குறையலாயிற்று. தூண்டிலிட்டு மீன் பிடிப்போர், கரையோரத்தில் நிலையாக நாட்டப்பெற்ற பெருவலைகளே தம் வறுமைக்குக் காரணம் என்றனர். வலை நாட்டியோர் அதனை மறுத்தனர். இருதரப்பாரும் அரசினரிடம் முறையிட்டனர். உண்மை யாதென அறிதற்கு 1871ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அந்நாட்டுக் காங்கிரசு மன்றம் மீன்வள ஆணையர் என்னும் பதவியை ஏற்படுத்திற்று. மீனியலறிவு மிக்க அரசு அலுவலர் ஒருவரே அப்பதவிக்கு உரியவர் என்றும், அதற்கெனத் தனி ஊதியம் இல்லை என்றும் விதி செய்யப்பட்டது. பேயர்டு அப்பொறுப்பை ஏற்றார். தம் பழைய பணிகளுள் ஒன்றையும் விடாது, ஊதியம் ஒன்றும் பெறாது, இறக்கும்வரை அப்பெருஞ்சுமையைத் தாங்கினார்.

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரைச் சிற்றூராகிய உட்ஸ் ஹோல் அவருடைய ஆராய்ச்சிக்களம் ஆயிற்று. மீன் குறைந்ததற்குக் காரணம் அறிய வேண்டுமாயின் மீனை மட்டும் எண்ணினாற் போதாது என்பது பேயர்டின் கொள்கை. அம்மீன் எதனை உண்கிறது, அதனை எது உண்கிறது, அது வாழும் நீரின் வெப்பம் யாது, அதன் அடித்தரை மணலோ சேறோ, அங்கு வளரும் பாசிகள் எவை, புழுக்கள் எவை என்பனவெல்லாம் ஒருங்கே ஆராயப்பட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். நீர்நிலை என்பது பல குடும்பங்கள் கூடி வாழும் ஊர் போன்றது. அதில் ஒரு வீட்டில் நேரும் மாறுதல் ஊர் முழுவதையும் தாக்கும். இவ்வுண்மையை ஓர் அரசுப் பணியின் அடிப்படையாக வைத்த பெருமை பேயர்டுக்கு உரியது.

மீன்கள் முட்டையிடும் முறைகள் இனந்தோறும் வேறுபடுவன. சால்மன் என்னும் மீன் குளிர்ந்த தெளிந்த ஆற்றின் மேற்பகுதியை நாடிச் செல்லும். பெண்மீன் தன் வாலினால் கூழாங்கற்களைத் தள்ளிக் குழி பறித்து முட்டையிடும்; ஆண்மீன் அவற்றைக் கருவூட்டும்; பின்னர்ப் பெண்மீன் கூழாங்கற்களாலேயே குழியை மூடும். கற்களின் இடுக்குகளில் ஓடும் நீர், முட்டைகளுக்கு உயிர்க்காற்றை அளிக்கும். அவ்விடுக்குகளைச் சேறு அடைத்துவிட்டால் முட்டைகள் மூச்சற்று மடியும். ஷாடு குழி பறிப்பதில்லை. ஓடும் நீரிலேயே முட்டைகளை உகுத்துவிடும். ஏரிகளிலும் ஓடைகளிலும் வாழும் பாஸ் என்னும் மீனினத்தில் ஆண்மீனே அடித்தரையைத் துடைத்து வட்டமான கூடு அமைக்கும். பெண்மீன் அதில் முட்டையிட்டு அகன்றபின், முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காத்து நிற்கும். நம் நாட்டு விரால் தன் குஞ்சுகளைக் காப்பது போன்றதே இது. ஆகவே, ஒரு நீர்நிலையில் மீன் பெருகுவதற்கு நீர் இருந்தால் மட்டும் போதாது. அவ்வம்மீன் முட்டையிடுவதற்கு ஏற்ற அடித்தரையும், தெளிவும், ஓட்டமும் இருத்தல் வேண்டும்.

இயற்கையில் இடப்படும் முட்டைகளுள் மிகப் பல வீணாகின்றன. அவற்றை மனிதர் கையால் எடுத்துக் கருவூட்டிப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை ஆற்றில் விட்டால் குறைந்த வளத்தை நிறைக்கலாம் என்று மீன் வளர்ப்போர் கருதினர். 1872ஆம் ஆண்டில் காங்கிரசு மன்றம் இதற்கெனப் பொருள் ஒதுக்கிற்று. அவ்வாண்டிலேயே லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவரைப் பேயர்டு கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். அவர் மக்ளவுட் ஆற்றங்கரையில் சால்மன் முட்டைகளைச் சேகரிக்கும் நிலையம் ஒன்றை நிறுவினார். அந்நிலையம் பின்னர்ப் பேயர்டின் பெயராலேயே வழங்கலாயிற்று. பெண்மீனின் வயிற்றை மெல்லத் தடவி முட்டைகளை ஒரு தட்டில் எடுப்பர். ஆண்மீனின் விந்தினை அவற்றோடு கலப்பர். கருவுற்ற முட்டைகளை ஈரப்பாசியிடையே அடுக்கிப் பனிக்கட்டியால் குளிர்வித்து, நாட்டின் மறுகோடிக்குப் புகைவண்டியில் விடுப்பர்.

இம்முயற்சியில் இடையூறுகள் பல நேர்ந்தன. 1873ஆம் ஆண்டு ஜூன் திங்களில், மீன்களை நிறைத்துக்கொண்டு மேற்கு நோக்கிச் சென்ற ஸ்டோனின் புகைவண்டிப் பெட்டி நெப்ராஸ்கா மாநிலத்தில் பாலம் உடைந்து எல்க்ஹார்ன் ஆற்றில் வீழ்ந்தது. ஸ்டோனும் துணைவர்களும் அரிதின் உயிர் தப்பினர். அவரோ சிறிதும் சோர்வடையாது, சில வாரங்களுக்குள் ஷாடுக் குஞ்சுகளை மீண்டும் கொண்டுசென்று சாக்ரமென்டோ ஆற்றில் விட்டார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே அவ்வாற்றில் ஷாடுக் குஞ்சுகள் விடப்பட்டிருந்தன. அவை பெருகி, முன்பு ஷாடு என்பதே இல்லாத பசிபிக் கரையில் நிலைபெற்றன. ஆனால் மேற்கிலிருந்து கொணர்ந்து கிழக்கு ஆறுகளில் விடப்பட்ட சால்மனோ அங்கு நிலைபெறவில்லை. ஒரு மீன் ஓரிடத்தில் வாழுமா, வாழாதா என்பதை மனிதர் முன்கூட்டி அறுதியிட்டுரைத்தல் அரிது என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகளாய் நின்றன. எனினும் வெற்றியே மக்கள் கண்ணை நிறைத்தது. பேயர்டின் புகழ் கடல் கடந்தது. 1880ஆம் ஆண்டு பெர்லின் நகரில் நடைபெற்ற உலக மீன்வளக் கண்காட்சியில் அவருக்கு முதற்பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய பெருமதிப்பின் நடுவேதான் அவருடைய பிழையும் நிகழ்ந்தது. நாட்டில் மக்கட்டொகை பெருகிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியோர், தம் தாய்நாட்டில் குளந்தோறும் வளர்த்து உண்ட கெண்டையை இங்கும் வேண்டினர். அமெரிக்காவுக்கு இயல்பாக உரியதல்லாத அந்த ஐரோப்பியக் கெண்டையைப் பற்றிப் பேயர்டு நூல்களில் ஆராய்ந்தார். அது மிகுதியாக முட்டையிடும், விரைந்து வளரும், வெதுவெதுப்பான கலங்கல் நீரிலும் தாங்கி வாழும், பெரும்பாலும் தழைகளையும் சிற்றுயிர்களையும் உண்ணும், ஆதலின் பிற மீன்களுக்குத் தீங்கு செய்யாது என்று அவர் கருதினார். ஏழை உழவன் ஒவ்வொருவனும் தன் நிலத்தில் ஒரு குட்டை வெட்டிக் கெண்டை வளர்த்தால், அவன் இல்லத்தில் உணவுக்குக் குறைவிராது என்பது அவருடைய எண்ணம். எண்ணம் நல்லதே, அதில் தன்னலம் அணுவளவும் இல்லை.

1877ஆம் ஆண்டு மே திங்களில் ருடால்ப் ஹெஸ்ஸல் என்னும் மீன் வளர்ப்பாளர் செருமனியிலிருந்து 345 கெண்டைகளைக் கப்பலில் கொணர்ந்தார். அவை முதலில் பால்டிமோர் நகரத்துப் பூங்காவிலுள்ள குளங்களில் விடப்பட்டன. அடுத்த ஆண்டில் அவற்றுட் சில வாஷிங்டன் நகரில், அப்பொழுது கட்டி முடியாதிருந்த நினைவுத்தூணின் அருகேயுள்ள குளங்களுக்கு மாற்றப்பட்டன. அவை பெருகியதும், வேண்டுவோர்க்கெல்லாம் விலையின்றிக் குஞ்சுகள் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. விண்ணப்பங்கள் மலைபோற் குவிந்தன. காங்கிரசு உறுப்பினர்கள் தத்தம் தொகுதியினர்க்குக் கெண்டை வாங்கித் தருவதில் ஒருவரையொருவர் விஞ்சினர். 1883ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 குஞ்சுகள் அனுப்பப்பெற்றன. நாட்டிலிருந்த 301 தொகுதிகளுள் 298 தொகுதிகளுக்கு அவை சென்று சேர்ந்தன.

சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. பராமரிப்பற்ற சேற்றுக் குட்டைகளில் வளர்ந்த மீன் சேற்று நாற்றம் வீசியது, உண்டவர் முகஞ்சுளித்தனர். குட்டைகள் கைவிடப்பட்டன. பெருமழையில் கரைகள் உடைந்தன. கெண்டைகள் ஓடைகளிற் புகுந்து, ஓடைகளிலிருந்து ஆறுகளிலும் ஏரிகளிலும் பரவின. இளவேனிலில் கரையோரத்து ஆழமற்ற நீரில் கூட்டமாகத் திரண்டு, பாசிகளிலும் புற்களிலும் ஒட்டிக்கொள்ளும் முட்டைகளை அவை இட்டன. ஒரு பெருங்கெண்டை ஒரு பருவத்தில் பல இலட்சம் முட்டைகள் இடும். சில நாட்களிலேயே அவை பொரிந்துவிடும். இரை தேடுகையில் கெண்டை அடிச்சேற்றை வாயால் உறிஞ்சித் துழாவும். நீர்ச்செடிகளை வேரோடு பெயர்க்கும். அதனால் நீர் கலங்கிற்று; கலங்கிய நீரில் கதிரொளி புகாமையால் எஞ்சிய செடிகளும் அழிந்தன. செடிகளை உண்டு வாழ்ந்த காட்டு வாத்துகள் இரையின்றி அகன்றன. கண்ணால் கண்டு இரை பிடிக்கும் மீன்கள் கலங்கலில் தவித்தன. பாஸ் மீன் துடைத்து வைத்த கூட்டின்மேல் சேறு படிந்தது. கெண்டை பிற மீனைக் கடித்து விழுங்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அவை குடியிருந்த வீட்டையே அது இடித்துவிட்டது.

குறை கூறுவோர் தொகை பெருகவே, அந்நூற்றாண்டு முடிவதற்குள் அரசினர் கெண்டை வழங்குவதை நிறுத்தினர். ஆயினும் வழங்கியதை மீட்க இயலவில்லை. வலையிட்டும், அணைகட்டித் தடுத்தும், நஞ்சிட்டும் அதனை ஒழிக்கப் பலர் முயன்றனர். சில சிறு ஏரிகளில் அன்றி வேறெங்கும் அது முற்றும் ஒழிந்ததில்லை. நகரங்களில் ஏழை மக்கள் பலர்க்கு அஃது உணவாய்ப் பயன்பட்டது என்பதனையும் மறைத்தல் ஆகாது. எனினும் இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் அது பரவி நிற்கிறது. 345 மீன்களை உள்ளே விடுவதற்குக் கப்பல் ஒன்று போதியதாயிற்று. அவற்றின் வழித்தோன்றல்களை வெளியேற்றுதற்கு ஒரு நூற்றாண்டு முயற்சியும் போதவில்லை.

மீனை அறிய அதன் நீர் முழுவதையும் அறிய வேண்டும் என்று உலகிற்கு உரைத்தவரே பேயர்டு. அவ்விதியைக் கெண்டையின் வகையில் அவரே கைக்கொள்ளாது விட்டது வருந்தத்தக்கது. செருமனியின் குளங்களில் அம்மீன் எங்ஙனம் வாழ்ந்தது என்பதை அவர் அறிந்தார். ஆனால் அங்கே வளர்ப்போர் ஆண்டுதோறும் குளத்தை வடித்து, அளவறிந்து மீனெடுத்து, அதனை அடக்கி வைத்திருந்தனர். அமெரிக்காவின் திறந்த ஆறுகளில் அங்ஙனம் அடக்குவார் எவருமிலர். சிறு நீர்நிலை ஒன்றில் சில ஆண்டுகள் வைத்து, அங்குள்ள செடிக்கும் மீனுக்கும் பறவைக்கும் நேர்வது யாதெனப் பார்த்திருந்தால் உண்மை புலனாகியிருக்கும். மக்களின் பேராவலும், வெற்றிகள் தந்த துணிவும் அப்பொறுமைக்கு இடம் தரவில்லை. பின்வந்தோரும் இதனை நன்கு கற்றிலர். குளத்துப் பாசியை ஒழிக்க 1963ஆம் ஆண்டில் புல்கெண்டையும், அதன்பின் வெள்ளிக்கெண்டையும் அந்நாட்டிற்குள் கொணரப்பட்டன. அவையும் குளங்களை விட்டுத் தப்பி, மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் பெருகின. நம் நாட்டிலும் ஐரோப்பியக் கெண்டை 1939ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொணரப்பட்டது. ஆகவே, ஓர் உயிரைப் புதிய நீரில் விடுமுன் ஆராய வேண்டிய கடமை எந்நாட்டினர்க்கும் உரியது. தொட்டியில் வளர்த்த மீனைச் சலிப்புற்று ஏரியில் விடும் சிறுவனும் இக்கடமைக்கு விலக்கானவன் அல்லன்.

பிழை ஒன்றைக் கொண்டு பேயர்டின் பெருமையை அளத்தல் முறையாகாது. 1878ஆம் ஆண்டில் அவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். கடலாராய்ச்சிக்கெனவே ஆல்பட்ராஸ் என்னும் கப்பல் 1882ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியால் கட்டப்பட்டது. உட்ஸ் ஹோலில் நிலையான ஆராய்ச்சிக்கூடம் ஒன்றும் 1885ஆம் ஆண்டளவில் எழுந்தது. கெண்டையால் விளைந்த தீமையைப் பிற்காலத்து அறிஞர் கண்டறிந்ததும், நீர்நிலையை முழுமையாக நோக்கும் ஆராய்ச்சி நெறியாலேயே ஆகும். அந்நெறியை அந்நாட்டு மீன்வளப் பணியில் நிலைநாட்டியவர் பேயர்டு.

அளவிறந்த உழைப்பு அவருடைய உடலைத் தளர்த்தியது. 1887ஆம் ஆண்டு கோடையில், இறுதி நெருங்கியதை உணர்ந்த பேயர்டு, தம்மைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வெளியே அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். கப்பல் துறையின் வழியே, தாம் கட்டுவித்த கப்பல்களைப் பார்த்துக்கொண்டும், ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றும் இளைஞரிடம் இன்சொற் கூறிக்கொண்டும் சென்று, தம் வாழ்நாட் பணியிடமிருந்து விடைபெற்றார். ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் அவர் ஆவி அவ்வூரிலேயே பிரிந்தது.

நல்லெண்ணம் நற்செயலுக்கு வித்து. ஆயினும் வித்து மட்டும் விளைவாகாது. நிலமறிந்து விதைத்தல் வேண்டும். ஓர் ஏரியில் எந்த மீன் எங்கு முட்டையிடுகிறது, எந்தச் செடி எந்த உயிரைக் காக்கிறது என்பதனைப் பொறுமையோடு கற்றறிந்த பின்னரே அதன் வாழ்வில் மனிதர் கை வைத்தல் தகும். பேயர்டு தம் நன்முயற்சிகளால் இவ்வுண்மையைக் கற்பித்தார். தம் பிழையாலும் இதனையே கற்பித்தார்.